கையெழுத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

பாடம்: கிராம சபையில் நம் பங்கு



நம் குழுக் கூட்டத்தில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. சேமிப்பு, கடன் தவணை, புதுக்கடன் எல்லாம் பேசி முடித்ததும் எழுதுகிற உறுப்பினர் தீர்மான நோட்டை எடுத்து வாசிப்பார். "இன்னாருக்கு 10,000 ரூபாய் உள்கடன், பத்துத் தவணை" என்று வாசித்ததுமே ஒரு அக்கா கேட்பார்: "போன கடன்ல பாக்கி இருக்குதா?" பதில் வந்த பிறகுதான் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாகூட, "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டு கண்ணு" என்று கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைப்பார். வெறும் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஊக்குநரே சொன்னாலும் நாம் விடமாட்டோம்.

இப்படி நூறு ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிற நாம், லட்சக்கணக்கான ரூபாய் பேசப்படுகிற கிராம சபைக்குப் போனால் என்ன செய்கிறோம்? போகிறோம், நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம், மாட்டுக்குத் தண்ணி காட்ட நேரமாச்சு என்று வந்துவிடுகிறோம். கீழே ஒப்பமிட்ட பக்கத்துக்கு மேலே என்ன எழுதினார்கள் என்று நமக்குத் தெரியாது.

இந்த மாதப் பாடம் இதைப் பற்றியதுதான்.

ஒரு ஊரில் நடந்தது

நாமக்கல் பக்கம் ஒரு ஊராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம், பல ஊர்களில் நடப்பதுதான். அங்கே காலனியில் இரண்டு தெரு. இரண்டு தெருவுக்கும் சேர்த்து ஒரே ஒரு தெருக்குழாய். கூட்டுக் குடிநீர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும். மற்ற நாளில் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுக்குப் போவார்கள். தோட்டக்காரர் மனசு வைத்தால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறுங்குடம்.

2023 மே 1-ல் கிராம சபை நடந்தது. நம் குழுப் பெண்கள் நாற்பது பேர் போயிருந்தார்கள். பேச யாருக்கும் வாய்ப்பு வரவில்லை. ஆளுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். சில மாதம் கழித்து ஊருக்குள் புதிதாக ஒரு போர் போட்டு, மோட்டார் வைத்து, சின்டெக்ஸ் தொட்டியும் கட்டினார்கள். ஏற்கெனவே இரண்டு தொட்டி இருக்கிற தெருவில் மூன்றாவது தொட்டி!

பெண்கள் போய்க் கேட்டபோது கிடைத்த பதில் இது: "ஏம்மா, நீங்க எல்லாரும் கையெழுத்துப் போட்ட தீர்மானந்தானே?"

"நாங்க வந்ததுக்குத்தானுங்க கையெழுத்துப் போட்டோம். எதுக்குன்னு யாரும் படிச்சுக் காட்டலீங்களே" என்றார்கள் பெண்கள். அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் நோட்டில் இருந்தது அவர்கள் கையெழுத்து.

அந்த வாரம் நாங்கள் அந்தக் குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். எல்லோருக்கும் கோபம். ஒரு அக்கா மட்டும் அமைதியாக இருந்தார். கடைசியில் அவர் சொன்னார்: "குழுவுல நாம இப்படி இருந்திருந்தா குழு என்னைக்கோ உடைஞ்சிருக்கும்." அங்கிருந்துதான் வேலை தொடங்கியது. அந்தக் கதையைப் பாடத்தின் முடிவில் சொல்கிறோம். அதற்கு முன்பு கிராம சபை என்றால் என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்வோம்.

கிராம சபை என்பது யார்?

கிராம சபை என்றால் தலைவர் அல்ல. வார்டு உறுப்பினர்களும் அல்ல. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. ஓட்டு இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் அதன் உறுப்பினர். சந்தா கிடையாது, யாரும் நம்மை நீக்கவும் முடியாது.

1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்குச் சட்ட உயிர் கொடுத்தது. அதைத் தொடர்ந்து 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி கிராம சபைக்கு உள்ள முக்கிய வேலைகள்:

1. ஊராட்சியின் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது. எந்தத் தெருவில் என்ன வேலை, எதற்கு முதலிடம் என்பதெல்லாம் இதில் வரும்.
2. ஊராட்சியின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது.
3. நடக்கிற திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பது.
4. ஊராட்சிக் கணக்கின் தணிக்கை அறிக்கையைப் பார்த்து ஒப்புதல் தருவது.

கவனியுங்கள். "மனு கொடுப்பது" என்று எங்கும் இல்லை. "ஒப்புதல் தருவது" என்றுதான் இருக்கிறது. மனு கொடுப்பவர் கேட்கிறவர். ஒப்புதல் தருபவர் முடிவு செய்கிறவர். நாம் போய் உட்கார வேண்டிய இடம் இரண்டாவது.

எத்தனை முறை, எத்தனை பேர்?

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு கூட்டம் நடந்துவந்தது. 2022-ல் தமிழக அரசு இதை ஆறு ஆக்கியது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன. சில சமயம் தேதி மாறும். 2025-ல் அக்டோபர் 2 கூட்டம் அக்டோபர் 11-ல் நடந்தது. அதனால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் நடக்கிற இடம், நேரம், பேசப்போகிற பொருள் எல்லாவற்றையும் ஏழு நாளைக்கு முன்பே மக்களுக்குச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் தண்டோரா போட்டார்கள். 2022-ல் அரசு அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது ஒலிபெருக்கி, நோட்டீஸ் மூலம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே குக்கிராமத்தில் கூட்டம் போடாமல் சுழற்சி முறையில் இடம் மாற்ற வேண்டும். மதச்சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது. காலனிப் பெண்கள் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்பது சலுகை அல்ல, முறை.

கோரம், அதாவது குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2006-ல் வந்த அரசாணைப்படி:

மக்கள்தொகை 500 வரை: 50 பேர்
501 முதல் 3,000 வரை: 100 பேர்
3,001 முதல் 10,000 வரை: 200 பேர்
10,000-க்கு மேல்: 300 பேர்

இந்த நூறு பேரையும் இருநூறு பேரையும் யார் நிரப்புகிறார்கள்? ஆம்பளைகள் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் தறிக்கும் போய்விடுகிறார்கள். பல ஊர்களில் கோரத்தைக் காப்பாற்றுவது மகளிர் குழுக்கள்தான். அதனால்தான் கூட்டத்துக்கு முந்தின நாள் நம் ஊக்குநருக்கு போன் வருகிறது: "குழுக்காரங்களை வரச் சொல்லுங்க." நாம் போகாவிட்டால் கூட்டமே செல்லாது. அவ்வளவு பலம் நம்மிடம் இருக்கிறது. அதை ஆள் எண்ணிக்கைக்கு மட்டும் கொடுத்துவிட்டு வருவதுதான் வருத்தம்.

நம் பேச்சு ஏன் எடுபடுவதில்லை?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் 100 கிராம சபைக் கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள், யாருக்கு என்ன பதில் கிடைத்தது என்று வார்த்தை வார்த்தையாக எழுதி ஆராய்ந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகவே பேசினார்கள். பெண்கள் எடுத்த பேச்சு கூட்டத்தின் பேச்சாக நீடிப்பதும் குறைவு. அதிகாரிகளிடமிருந்து கேட்டதற்கு நேரான பதில் கிடைப்பதும் குறைவு. ஆனால் பெண் தலைவர் இருந்த ஊர்களில் பெண்களின் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருந்தது.

உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீட்டோடு 1996-ல் தமிழ்நாட்டில் தேர்தல் நடந்தது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு அது பாதியாக உயர்ந்தது. 2019 டிசம்பர் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது சேலம் மாவட்டத்தில் 385 ஊராட்சிகள், நாமக்கல் மாவட்டத்தில் 322 ஊராட்சிகள். நம்மில் சிலரே நின்று ஜெயித்தோம். ஆனால் மனைவி தலைவராகி, கணவர் நாற்காலியில் உட்கார்ந்த ஊர்களையும் பார்த்தோம். நாற்காலி கிடைத்தால் மட்டும் போதாது, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஆள் வேண்டும். கேட்கிற பெண்கள் இருந்தால்தான் தலைவியின் கையும் பலப்படும்.

பக்கத்து மாநிலத்தைப் பார்ப்போம்

கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கினார்கள். மாநிலத்தின் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்து, "என்ன வேலை வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார்கள். அங்கே கிராம சபை வார்டு வாரியாகக் கூடுகிறது. வந்தவர்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்தார்கள். விவசாயம் ஒரு குழு, குடிநீர் ஒரு குழு, பெண்கள் பிரச்சினை ஒரு குழு. மைக்குக்கு முன்னால் பேசத் தயங்கியவர்களுக்கு இருபது பேர் வட்டத்தில் பேச்சு வந்தது. வட்டத்தில் பேசியதைத் தொகுத்துத் திட்டமாக்கினார்கள்.

வெளிநாட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல், நகராட்சிப் பணத்தில் எந்தப் பகுதிக்கு என்ன வேலை என்று மக்களே கூடிப் பேசி வரிசைப்படுத்தினார்கள். ஏழைகள் வாழ்ந்த பகுதிகளுக்குக் குடிநீரும் சாக்கடை வசதியும் போய்ச் சேர அது உதவியது. உலகமே பேசியது. ஆனால் ஆட்சி மாறிய பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்தது. நமக்கு அந்த பயம் குறைவு, ஏனென்றால் நம் கிராம சபை அரசியல் சட்டத்தில் இருக்கிறது. யாரும் எடுத்துவிட முடியாது. நாம் பயன்படுத்தாமல் விட்டால்தான் துருப்பிடிக்கும்.

கேரளத்தின் அந்தச் சின்ன வட்டம் நமக்குப் புதிதா என்ன? அதுதானே நம் குழு! 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கும் வந்தது. அப்போது நாமக்கல்லும் சேலத்தோடுதான் இருந்தது, 1997-ல்தான் தனி மாவட்டம் ஆனது. முப்பது ஆண்டுக்கு மேலாக வட்டமாக உட்கார்ந்து பேசி, எழுதி, வாசித்து, கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள் நாம். புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. குழுவில் செய்வதைக் கிராம சபையிலும் செய்தால் போதும்.

என்ன செய்யலாம்?

கூட்டத்துக்கு முன்பு:

கிராம சபைக்குப் பத்து நாள் முன்பு நடக்கும் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தெருவுக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். பத்து வந்தால் பத்தையும் எழுதி, அதில் முதல் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்தும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. 2025 அக்டோபர் கூட்டத்தில் அரசே ஊருக்கு அவசியமான மூன்று தேவைகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. முன்பே பேசி வைத்திருந்த ஊர்ப் பெண்களுக்கு அன்றைக்குச் சிரமம் இருக்கவில்லை.

எல்லாக் குழுக்களின் பட்டியலையும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் ஒன்று சேருங்கள். கிராம அளவில் ஒரு திட்டத்தை நம் குழுக்கள் தயாரிப்பது உங்களுக்குத் தெரியும். யாருக்கு ஓய்வூதியம் வரவில்லை, யாருக்கு வேலை அட்டை இல்லை, எந்தத் தெருவுக்கு விளக்கு இல்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறோமே, அதுதான். அதைக் கிராம சபையில் வைத்து, ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது முறை. படிவத்தை நிரப்பிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். திட்டத்தில் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் மீதி வேலை.

கூட்டத்தின் போது:

தனித்தனியாக உட்காராமல் குழுவாக உட்காருங்கள். பேசுகிறவர் ஒருவர், அவர் தடுமாறினால் எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், நடப்பதை எழுதுகிறவர் ஒருவர் என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். "எங்க தெருவுக்கு ஒண்ணுமே செய்யல" என்று பொதுவாகச் சொன்னால், "பார்க்கலாம்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். "எங்க தெருவுல 46 வீடு, ஒரு குழாய், வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி" என்று எண்ணிக்கையோடு சொன்னால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

வரவு செலவைக் கேளுங்கள். மத்திய நிதிக்குழு மானியம், மாநில நிதிக்குழு மானியம், வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் என்று ஊராட்சிக்குப் பணம் வருகிறது. வீட்டு வரி நாம் கட்டியது. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேட்பது சண்டை அல்ல. குழுவில் கேட்கிறோமே, அதே கேள்விதான்.

முக்கியமானது இது: வருகைக் கையெழுத்து வேறு, தீர்மானத்துக்கு ஒப்புதல் வேறு. தீர்மானங்களை எழுதி முடித்து, சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் கோரிக்கை அதில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெறும் பக்கத்தில் ஒப்பமிடாதீர்கள்.

கூட்டத்துக்குப் பின்பு:

தீர்மானத்தின் நகலை எழுதிக் கேட்டு வாங்கிக் குழு ஃபைலில் வையுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்த கிராம சபையில் முதல் கேள்வி: "போன தடவை போட்ட தீர்மானம் என்னாச்சு?"

ஒன்றை நினைவில் வையுங்கள். எல்லாமே கிராம சபையில் தீராது. என் பட்டா, என் ரேஷன் அட்டை போன்ற தனிப்பட்ட கோரிக்கைகளுக்குத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. கிராம சபையின் நேரத்தை ஊருக்குப் பொதுவான விஷயத்துக்கு வைத்துக்கொள்வோம்.

தலைவர் இல்லாத காலத்தில்?

"தலைவரே இல்லீங்களே, யார்கிட்ட கேக்கறது?" என்று பல ஊர்களில் எங்களைக் கேட்டார்கள். 2016 முதல் 2019 வரை தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளைப் பார்த்துக்கொண்டார்கள். 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தபோதும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள். ஓர் அலுவலருக்குப் பல ஊராட்சிகள். நம் தெருவின் நிலைமை அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த மாதிரிக் காலத்தில்தான் கிராம சபையின் அருமை தெரிகிறது. தலைவருக்குப் பதவிக்காலம் உண்டு. அதிகாரிக்கு இடமாற்றம் உண்டு. கிராம சபைக்கு இரண்டும் கிடையாது. ஓட்டு இருக்கிற நாம் இருக்கும்வரை அது இருக்கும். தலைவரைத் தெரியும் என்ற பலம் அவர் போனால் போய்விடும். தீர்மான நோட்டில் எழுதிய வரி போகாது.

காலனிப் பெண்கள் என்ன செய்தார்கள்?

அந்தக் கதைக்கு வருவோம். 2023 அக்டோபர் கூட்டத்துக்கு முன்பு நான்கு குழுப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். வீடுகளை எண்ணினார்கள். ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தூக்குகிறது என்று கணக்குப் போட்டார்கள். "இரண்டு தெருவுக்கும் தனித் தொட்டி" என்ற ஒரே கோரிக்கையை முதலிடத்தில் வைத்தார்கள். கூட்டத்தில் அந்த அமைதியான அக்காதான் பேசினார். பேசும்போது கை நடுங்கியது என்று பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். "எழுதிக்கிறோம்மா" என்றதும் பெண்கள் கலையவில்லை. "எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க, கேட்டுட்டுப் போறோம்" என்றார்கள். மதியம் இரண்டு மணி வரை யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் படித்துக் காட்டினார்கள். நகலும் வாங்கினார்கள்.

உடனே எதுவும் நடக்கவில்லை. 2024 முழுவதும் "நிதி இல்லை" என்ற பதில்தான். ஒவ்வொரு கிராம சபையிலும் அந்தத் தீர்மானத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2025 ஜனவரியில் தலைவர் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. "இனி யாரைப் போய்க் கேக்கறது" என்று சிலர் சோர்ந்துபோனார்கள். ஐந்து பேர் மட்டும் நகலை எடுத்துக்கொண்டு யூனியன் ஆபீசுக்குப் போனார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற அலுவலருக்கு இவர்களைத் தெரியாது. ஆனால் நோட்டில் தேதி இருந்தது, தீர்மான எண் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் பேசத் தொடங்கினார்.

அந்த ஆண்டுக் கடைசியில் முதல் தெருவில் தொட்டி வந்தது. இரண்டாவது தெருவுக்கு இன்னும் வரவில்லை. இரண்டாவது தெருப் பெண்கள் முதல் தெருவில் வந்து பிடித்துக்கொள்கிறார்கள். "எங்களுக்கு வந்துருச்சுன்னு நாங்க உக்காந்துட்டா நல்லா இருக்குமா?" என்று கேட்டு, முதல் தெருப் பெண்களும் சேர்ந்தே அடுத்த கூட்டத்துக்குத் தயாராகிறார்கள்.

முழு வெற்றி என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் அந்த ஊரில் இப்போது தீர்மானத்தைப் படித்துக் காட்டாமல் கூட்டம் முடிவதில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

குழுவில் கலந்து பேச:

1. கடைசியாக நடந்த கிராம சபைக்கு நம் குழுவிலிருந்து எத்தனை பேர் போனோம்? எத்தனை பேர் பேசினோம்?
2. அன்று என்னென்ன தீர்மானம் போட்டார்கள்? நம்மில் யாருக்காவது தெரியுமா?
3. நம் ஊராட்சிக்குக் கோரம் எத்தனை பேர்? அதில் நம் குழுப் பெண்கள் எத்தனை பேர்?
4. நம் தெருவின் முதல் மூன்று தேவைகள் என்ன? எண்ணிக்கையோடு சொல்ல முடியுமா?
5. கிராம சபைக்கு வரவே தயங்குகிற பெண்கள் நம் ஊரில் யார்? அவர்களை யார் போய் அழைத்து வருவது?

இந்த மாத வேலை: போன கிராம சபைத் தீர்மானத்தின் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். அதில் நம் தெருவைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் அந்த ஒரு வரி எழுதப்படும்வரை எழுந்திருக்காதீர்கள்.

அடுத்த கிராம சபையில் சந்திப்போம்.